கீறல் படாத பை

ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூறு. அவள் தன் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அது. வாங்கியபோது இன்னும் பெரிதாக இருந்தது. மாதாமாதம் அடைத்து இவ்வளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அந்தத் தொகை, மாட்டுத் தோலைக் கடித்துப் பிடித்த உண்ணி மாதிரி, நாலைந்து மாதமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் பணம் வீடு கட்டப் போகவில்லை, நகை வாங்கப் போகவில்லை. அவள் நெஞ்சுக்குள் போயிற்று. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகிற போக்கில் இருதயத்துக் கதவு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பெரியவளாகிக் கல்யாணமும் ஆன பிறகுதான் அது தெரிந்தது. முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு படுத்தாலே வாங்கியது. கதவை மாற்றியாக வேண்டும், இரண்டு வகை இருக்கிறது என்றார் டாக்டர். உலோகத்தில் செய்த வால்வு ஆயுசுக்கும் உழைக்கும், ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும், சின்ன வெட்டுப் பட்டாலும் இரத்தம் லேசில் நிற்காது. மாட்டின் இருதயத்தைச் சுற்றியிருக்கிற பையில் செய்த வால்வுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேய்ந்துவிடும். அவளும் புருஷனும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வேலை அறுப்புக்கூடத்துப் பின்கொட்டகையில் குடல் கழுவுவது. குடலைக் கீற எந்நேரமும் கையில் கத்தி. விரலில் வெட்டுப்படாமல் ஒரு வாரம் கழிந்ததில்லை.

"மாடே இருக்கட்டும் டாக்டர்" என்றாள்.

ஆப்பரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பிய அன்று, "இனிமே நீ மாடு மாதிரி உழைச்சா யாரும் ஆச்சரியப்பட முடியாது" என்றான் புருஷன். சிரித்தால் தையல் வலித்தது. வலியோடேயே சிரித்தாள்.

பணம் கொடுத்த அண்ணனைக் கூடத்தில் சம்மட்டி என்பார்கள். மீசை அரும்பிய வயதிலிருந்து சம்மட்டி பிடித்தவன். இரும்பு வளையத்தில் தலையைக் கட்டி நிறுத்திய மாட்டின் நெற்றி நடுவில் ஒரே போடு. மாடு சத்தமில்லாமல் மடிந்து விழும். அடுத்த ஆள் கழுத்தை அறுப்பான். இப்படியே வருடக்கணக்கில் அடித்து, வயிற்றைக் கட்டிச் சேர்த்து, ஒரு சரக்கு வண்டி வாங்கினான். வண்டி வாங்கிய அன்று சம்மட்டியைக் கழிவுக் குழியில் எறிந்துவிட்டு, இனி எந்த மாட்டின் கண்ணையும் பார்க்க மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தான். இரண்டு வருடம் காய்கறியும் செங்கலும் ஏற்றி, ராஜா மாதிரி வண்டி ஓட்டினான். தங்கச்சிக்கு மூச்சு முட்டியபோது யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனாகவே வண்டியை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் வைத்தான். அடுத்த வாரம் புதுச் சம்மட்டி ஒன்று வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றான். முதல் வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அப்புறம் குடித்தால் இறங்கும் என்று கண்டுபிடித்தான். வேலை முடிந்து குடித்தவன், போகப்போக வேலைக்கு முன்னாலும் குடித்தான்.

அவள் புருஷனுக்குக் கூடத்தில் பைக்காரன் என்று பெயர். மாட்டைத் தொங்கவிட்டு நெஞ்சைப் பிளந்ததும் முதலில் உள்ளே போவது அவன் கை. வால்வு செய்கிற கம்பெனிக்கு அந்தப் பை ஒரு கீறலும் இல்லாமல் வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் நாய்க்குத்தான் போடலாம். அதனால் அவன் கத்தி பிடிக்கிற தினுசே வேறு. முனையை உள்ளே விட்ட அந்த நொடியே மணிக்கட்டைத் திருப்பிவிடுவான். கத்தியின் கூர் தன் பக்கம், முதுகு பையின் பக்கம். இடது கை ஆள்காட்டி விரல் அடியில் வழிகாட்டிக்கொண்டே போகும். கத்தி பையின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடி வெளியே வரும். புதுசாக வந்தவர்கள் எத்தனையோ பேர் முயன்று பார்த்துத் தோற்றார்கள். அவர்களுக்கெல்லாம் குத்தினால் குத்தியதுதான்.

ஐஸ் பெட்டியோடு வண்டியில் வருகிற கம்பெனி ஆளைப் பெட்டிக்காரர் என்பார்கள். நல்ல மனுஷன். பையிலிருந்து இதழ் இதழாக மூன்று துண்டு வெட்டி, ஒரு வளையத்தில் வைத்துத் தைப்பார்கள் என்று அவர்தான் அவளுக்குச் சொன்னார். மருந்துத் தண்ணியில் ஊறவைத்து மாட்டின் வாடையே உடம்புக்குத் தெரியாமல் பண்ணிவிடுவார்களாம். தன்னுடையது எந்த ஊர் மாடு என்று அவள் கேட்டதற்கு, "அது உங்களுக்குத் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது" என்றார்.

நல்ல பை ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்காரர் தனியாகக் காசு கொடுப்பார். அந்தக் காசு முழுக்க மச்சானுக்கு என்று பைக்காரன் ஒப்புக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் சொன்ன சொல் தவறவில்லை. பிறகுதான் கோளாறு வந்தது. சம்மட்டியின் கை நடுங்க ஆரம்பித்தது. அடி பிசகினால் மாடு உடனே விழாது, துடித்துத் துடித்துச் சாகும். அப்படிச் செத்த மாட்டின் பையில் சிவப்புச் சிவப்பாக இரத்தப் புள்ளிகள் விழுந்திருக்கும். பெட்டிக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஒதுக்கிவிடுவார். பை ஒதுங்கினால் காசு இல்லை. காசு வராவிட்டால் சம்மட்டிக்குக் கோபம். கோபம் வந்தால் குடி, குடித்தால் இன்னும் கை நடுக்கம். தன் கடனைத் தானே அடித்துக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைக்கவில்லை. மாப்பிள்ளை பையை விற்றுக் காசை அமுக்கிக்கொள்கிறான், கேட்டால் புள்ளி என்கிறான் என்றே நினைத்தான்.

அவளுக்கு எதிர்காலம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஒருத்தன் கையில் சம்மட்டி, ஒருத்தன் கையில் கத்தி. இரண்டு பேரில் ஒருத்தன் இன்னொருத்தனைக் கொல்வான், அதற்குக் காரணம் தன் நெஞ்சுக்குள் துடித்துக்கொண்டிருக்கும். யாரிடம் சொல்ல முடியும்?

*

மழை வருவேன் வருவேன் என்று மூன்று நாளாகப் புழுங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். அவளும் புருஷனும் சோறும் ஈரல் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் உதைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். கதவு சுவரில் மோதி, மேல் கீல் பிடுங்கிக்கொண்டது.

"ஈரல் சாப்பிடுறீங்களா" என்றான். "சாப்பிடுங்க. என் காசுதானே."

"உக்காருண்ணா, சாப்பிடு" என்றாள்.

அவன் உட்காரவில்லை. புருஷனின் தட்டைக் காலால் தள்ளினான். தட்டு உருண்டு போய்ச் சுவரோரம் சுழன்று சுழன்று அடங்கியது. பைக்காரன் சோற்றுக்கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், புள்ளி விழுந்த பையை அவர் எடுக்கிறதில்ல. நீங்க நாளைக்கு வந்து உங்க கண்ணாலயே பாருங்க."

"நான் மாட்டு மூஞ்சியைப் பார்க்கவா, உன் பையைப் பார்க்கவா?" என்று அவன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான் சம்மட்டி. மாட்டை அடிக்கிற கை, அளவு தெரியாது. காரை உதிர்ந்தது. இரண்டாவது தடவை மோதியதில் புருவம் கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் நடுவில் புகுந்தாள். அண்ணன் அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். தண்ணீர்க் குடத்தின் மேல் போய் விழுந்தாள். விழுந்தவள் முதலில் பார்த்தது, உள்ளே துடிக்கிறதா என்றுதான். துடித்தது.

எங்கே கை வைத்தோம் என்று அண்ணனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ஆனால் அடுத்து வந்த பேச்சு முன்னைவிட மோசமாக இருந்தது.

"பத்து வருஷத்துல தேஞ்சு போற சாமானுக்கு என் வண்டியைக் குடுத்தேன்டா. காசு வரலன்னா அதைத் திறந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அவள்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு, "பாப்பா, வலிக்குதா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டான்.

புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து வைத்தான். கத்தியை எடுத்துக் கல்லில் தீட்ட ஆரம்பித்தான். தினமும் தீட்டுகிறவன்தான். ஆனால் அன்றைக்கு வெகுநேரம் தீட்டினான்.

*

மறுநாளும் மழை இல்லை. தகரக் கூரை காலையிலேயே அனலைக் கொட்டியது. இரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையில் ஒட்டியது. அவள் கொட்டகையில் குடல் தொட்டியைத் தூக்கும்போதே கூடத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சரியாக அடித்தால் பொத்தென்று ஒரே சத்தம். இது இரண்டு சத்தம். நடுவில் மாட்டின் கத்தல்.

தொட்டியை இடுப்பில் வைத்தபடி வாசலுக்கு வந்து பார்த்தாள். ஒற்றைக் கொம்பு ஒடிந்த கிழட்டுக் காளை. முதல் அடி கொம்படியில் பட்டுத் தெறித்திருந்தது. மண்டியிட்ட காளை எழுந்தது. இரண்டாவது அடி கண்ணில் விழுந்தது. காளை கயிற்றை அறுத்துக்கொண்டு கூடத்துக்குள் பாய்ந்தது. கொக்கிகளில் தொங்கிய உடல்கள் ஆடின. கழுத்தறுக்கிறவனை முட்டித் தூக்கி இரத்தம் ஓடுகிற கால்வாயில் போட்டது. கண் இருந்த இடத்திலிருந்து ஒழுக ஒழுக, எங்கே போவது என்று தெரியாமல் சுவரை முட்டியது, திரும்பியது, தன் இரத்தத்திலேயே வழுக்கி விழுந்தது. பைக்காரன்தான் அதன் கழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அறுத்தான். அறுத்த பிறகும் வெகுநேரம் உதைத்துக்கொண்டிருந்தது. சம்மட்டி தூணில் சாய்ந்துகொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காளையைத் தூக்கித் தொங்கவிட்டார்கள். பைக்காரன் பையை எடுத்துப் பெட்டிக்காரரிடம் நீட்டினான். கீறல் இல்லை. ஆனால் அம்மை போட்ட உடம்பு மாதிரி பை முழுக்கச் சிவப்பு. பெட்டிக்காரர் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். பெட்டியின் மூடியைச் சாத்தினார். அன்றைக்கு எடுத்த எதுவுமே தேறவில்லை, இனிமேல் இந்தக் கூடத்துக்கு வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், இன்றைக்குத்தான் கடைசி என்றார். பைக்காரனின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பைக்காரன் அந்தப் பையைத் திரும்ப எடுத்தான். நேராகச் சம்மட்டியிடம் போனான். ஈரத்துணியை அறைகிற மாதிரி அதை அவன் முகத்தில் அறைந்தான்.

"புள்ளி தெரியுதா மச்சான்? கிட்டத்துல பாருங்க. நான் அமுக்கின காசு இதுதான். குடிச்சுட்டு அடிச்சீங்க இல்ல, உங்க வண்டியைத்தான் அடிச்சீங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அதோடு போயிருக்கும் என்று பிற்பாடு அவள் நினைத்ததுண்டு.

சம்மட்டி முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். கை நடுங்கவில்லை. தலைக்கு மேல் ஓங்கினான். பைக்காரன் இடது கையைத் தூக்கி மறைத்தான். இரும்பு அந்தக் கையைத் தூணோடு வைத்து நசுக்கியது. எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த சுள்ளி முறிவது போலக் கொட்டகை வரைக்கும் கேட்டது. பைக்காரன் கத்தவில்லை. வலது கை இடுப்புக்குப் போனது. சம்மட்டி இரண்டாவது தடவை ஓங்குவதற்குள் கத்தி அவன் நெஞ்செலும்புக்குக் கீழே, இடது பக்கமாக, உள்ளே போய்விட்டது.

அந்த இடம் அவளுக்குத் தெரியும். கத்தி தினமும் போகிற இடம். தொட்டி கையை விட்டு நழுவிக் குடல் எல்லாம் காலில் கொட்டியது. ஆனால் இன்னொன்றையும் அவள் பார்த்தாள். கத்தி உள்ளே போன அந்த நொடியே புருஷனின் மணிக்கட்டு திரும்பியது. கூர் தன் பக்கம், முதுகு உள்பக்கம். சர்ரென்று மேல்நோக்கி இழுத்து வெளியே எடுத்தான். அண்ணனின் சட்டையும் தோலும் சதையும் விலா வரைக்கும் வாய் பிளந்தன.

சம்மட்டி உட்கார்ந்தான், பிறகு சாய்ந்தான். பைக்காரன் தன் கையில் இருந்த கத்தியை யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான்.

பெட்டிக்காரர்தான் முதலில் அசைந்தார். ஐஸ் பெட்டிகளை வண்டியிலிருந்து கீழே தள்ளினார். நாலு பேர் சம்மட்டியைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பைகளுக்கு விரிக்கிற வெள்ளைத் துணியைச் சுருட்டி அந்தப் பிளவுக்குள் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். வழியெல்லாம் துணி நனைந்தது, மாற்றினாள், மறுபடி நனைந்தது. அழுத்திய கைக்கு அடியில் அண்ணனின் இருதயம் இடித்துக்கொண்டே இருந்தது. அவள் எத்தனையோ மாட்டு இருதயங்களைக் கையில் வாங்கித் தட்டில் வைத்தவள். துடிக்கிற இருதயம் கைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. நிற்காதே, நிற்காதே என்று அதனிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

*

புருஷனுக்கு இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று ஆள்காட்டி விரல். இனி எந்தக் கம்பெனி வந்தாலும் அவனால் பை எடுக்க முடியாது. அண்ணனுக்கு முப்பது தையலுக்கு மேல். நிறைய இரத்தம் போயிருந்தது, வேறொன்றும் ஆகவில்லை. உள்ளே போன கத்தி இருதயப் பையின் மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது, பையில் ஒரு கீறல்கூட இல்லை, இப்படி நான் பார்த்ததே இல்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னார். சொல்லும்போது ஏதோ மந்திரவித்தை பார்த்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

புருஷன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"கொன்னுடணும்னுதான் குத்தினேன்" என்றான். "கை பழக்கத்துல திரும்பிடுச்சு. நான் திருப்பல."

"பார்த்தேன்."

"மச்சான்கிட்ட சொல்லாத. போலீஸ் வந்துட்டு இருக்கு."

அவள் உள்ளே போனாள். அண்ணன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தான். குடி இறங்கிய முகம், வெளிறிப் போயிருந்தது. பல வருடத்துக்கு முந்தைய முகம் மாதிரி இருந்தது. நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் கட்டு.

"வா. இப்ப நாம ரெண்டு பேரும் ஒரே தையல்காரன்கிட்ட தைச்ச மாதிரி இருக்கோம்" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "போலீஸ்காரர் வராராம். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். டாக்டர் சொன்னதைக் கேட்டேன். உன் புருஷன் என்னைக் கொல்லக் குத்தினானா, பயமுறுத்தக் குத்தினானா?"

அவள் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"உன் நெஞ்சுல கை வச்சுச் சொல்லு பாப்பா."

பயமுறுத்தத்தான் என்று சொல்வது சுலபம். புருஷன் வீட்டுக்கு வருவான். ஆனால் பொய் என்று இவனுக்கு என்றைக்காவது தெரியும், தெரிந்த அன்று இவன் கை மறுபடி சம்மட்டியைத் தேடும். உண்மையைச் சொன்னால் புருஷன் இன்றைக்கே ஜெயிலுக்குப் போகலாம். சேலைக்கு மேல், தழும்பின் மேல், கையை வைத்தாள். உள்ளே எந்த ஊர் மாட்டினுடையதோ திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"கொல்லத்தான் குத்தினாரு அண்ணா. கைதான் அவர் பேச்சைக் கேக்கல. பை எடுக்கிற பழக்கத்துல திரும்பிடுச்சு."

அண்ணன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் வயிறு லேசாகக் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். வலி தாங்காமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னையும் மாடாவே நினைச்சிருக்கான்" என்றான். "நானும்தான் ஓங்கினேன். அவன் மண்டைக்குத்தான் வச்சேன். கையைக் குடுத்துட்டான். எனக்கு அடி பிசகிடுச்சு, அவனுக்குக் கை திரும்பிடுச்சு. ரெண்டு பேரும் தொழிலுக்கு லாயக்கில்ல."

வெளியே காத்திருந்த கூடத்து ஆட்களைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி அனுப்பினான். போலீஸ்காரர் வந்தபோது சம்மட்டி தெளிவாகப் பேசினான். கூடத்துத் தரை முழுக்க இரத்தமும் கொழுப்பும் ஐயா, நின்னா வழுக்கும், நடந்தா வழுக்கும் என்றான். மிரண்ட காளையைத் தாண்டிவரும்போது சம்மட்டியோடு சறுக்கி, வேலையில் நின்ற மாப்பிள்ளை கையை நசுக்கிவிட்டு, அவர் கத்தி மேலேயே விழுந்துவிட்டதாகச் சொன்னான். போலீஸ்காரர் நம்பவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் இதையேதான் சொல்கிறார்கள், வார்த்தைகூட மாறவில்லை என்றார். நடந்தது ஒன்றுதானே ஐயா, மாற்றி எப்படிச் சொல்வார்கள் என்றான் சம்மட்டி. அவர் இவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பாக்கியையும் சேர்த்துப் பெய்தது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட நினைத்தாள். பெட்டிக்காரர் இனி வரமாட்டார், என் புருஷனுக்கும் விரல் போய்விட்டது, குடல் கழுவுகிற கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக நானே அடைத்துவிடுகிறேன், வருஷம் ஆகும், பொறுத்துக்கொள் என்று ஆரம்பித்தாள்.

"பெட்டிக்காரன் எந்தப் பைக்குக் காசு குடுப்பான்?" என்று குறுக்கே கேட்டான் அண்ணன்.

"கீறல் இல்லாத பைக்கு."

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு. ஓட்டை இல்ல, கீறல் இல்ல. டாக்டரே பார்த்துச் சொல்லியிருக்காரு. குடிகாரன் பைதான், புள்ளி கிள்ளி இருந்தாலும் இருக்கும். உன் புருஷன் கத்தியை உள்ள விட்டும் அதைக் கெடுக்காம எங்கிட்டயே குடுத்துட்டான். அதுக்கு என்ன விலை போடலாம்?"

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூறுன்னு போட்டுக்கோ" என்றான். "சரியா இருக்கும். கணக்கு தீர்ந்துச்சு. இனிமே உன் நெஞ்சுல இருக்கிறது உன்னுது."

அவள் அவன் காலை மட்டும் தொட்டாள். மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டே சொன்னான்.

"மாப்ள வெளியதானே உக்காந்திருக்காரு. உள்ள வரச் சொல்லு. கத்தியை வெளிய வச்சுட்டு வரச் சொல்லு."